பொறி எண்ணெயில் நீர் சேர்தல்

பொறி எண்ணெயில் நீர் சேர்தல் என்பது, தானுந்து முதலிய ஊர்திகளின் உள் எரி பொறியில் உராய்வைக் குறைப்பதற்காக ஊற்றப்பட்டுள்ள எண்ணெயுடன் நீர் கலந்து தங்கிவிடுவதைக் குறிக்கும். பேச்சு வழக்கில் இது "எஞ்சின் ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது" எனப்படுகிறது. இந்நீர் மூன்று வழிகளில் வரலாம். எரிபொருள் எரியும்போது உண்டாகும் நீராவி குளிர்ந்து ஒடுங்குவது முதல் வழி. பொறியைக் குளிர்விக்கும் நீர்மம் உள்ளே கசிவது இரண்டாவது. மழைவெள்ளம், கழுவும் நீர் போன்றவை வெளியிலிருந்து புகுவது மூன்றாவது. மூன்றிலும் எண்ணெய் ஒரே மாதிரி வெளுத்துத் தோன்றும். ஆனால் முதலாவது பெரும்பாலும் ஒரு நெடும்பயணத்தில் தீர்ந்துவிடும். மற்ற இரண்டும் கவனிக்கப்படாவிடில் பொறியையே அழித்துவிடும். ஆகவே நீர் கலந்துள்ளது என்று அறிவதைவிட எவ்வழியில் கலந்தது என்று அறிவதே இங்கு முதன்மையானது.

எரிதலும் நீரும்

பெட்ரோலும் டீசலும் ஐதரசனும் கரிமமும் சேர்ந்த சேர்மங்களின் கலவைகள். இவை எரியும்போது கரிமம் கார்பன் டை ஆக்சைடாகவும் ஐதரசன் நீராகவும் மாறுகின்றன. பெட்ரோலுக்கு எடுத்துக்காட்டாக ஆக்டேன் என்னும் சேர்மத்தைக் கொண்டால், 114 கிராம் ஆக்டேன் முழுமையாக எரியும்போது 162 கிராம் நீர் உண்டாகிறது. ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை ஏறத்தாழ 740 கிராம். எனவே ஒரு லிட்டர் பெட்ரோலை எரித்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் கிடைக்கிறது. முதன்முறை கேட்போர் இதை நம்புவதில்லை. காலையில் குளிர்ந்த பொறியை இயக்கியதும் புகைக்குழாய் முனையில் நீர் சொட்டுவதைப் பார்த்தால் இது விளங்கும்.

டீசலுக்கும் கணக்கு ஏறத்தாழ இதுவே. எத்தனால் ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவாக, 0.9 லிட்டர் அளவு நீரைத் தருகிறது. அழுத்தப்பட்ட இயற்கை எரிவளியில் ஐதரசனின் பங்கு மிகுதி. அதன் முதன்மைக் கூறான மீத்தேன் ஒரு கிலோகிராம் எரிந்தால் 2.25 கிலோகிராம் நீர் உண்டாகிறது. எரிவளியில் ஓடும் ஊர்திகளில் எண்ணெய் மூடியின் உட்புறம் வெண்படலம் காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்நீரில் பெரும்பகுதி ஆவியாகவே புகைக்குழாய் வழியே வெளியேறிவிடுகிறது. ஆனால் பிஸ்டனுக்கும் உருளையின் சுவருக்கும் இடையிலுள்ள வளையங்கள் முழு அடைப்பைத் தருபவை அல்ல. ஒவ்வொரு வெடிப்பிலும் எரிவளிகளில் ஒரு சிறு பங்கு வளையங்களைக் கடந்து கீழே, வணரித்தண்டு சுழலும் அறைக்குள் இறங்குகிறது. எண்ணெய்த் தொட்டி இவ்வறையின் அடிப்பகுதியே ஆகும். கீழிறங்கும் வளியுடன் நீராவியும் எரியாத எரிபொருளும் நைதரசனின் ஆக்சைடுகளும் வருகின்றன. வளையங்கள் தேய்ந்த பழைய பொறிகளில் இந்த அளவு கூடுகிறது.

நீராவி எப்போது நீராகும் என்பதை முடிவு செய்வது பனிநிலை ஆகும். சரியான விகிதத்தில் பெட்ரோல் எரிந்த வளியில் கன அளவில் ஏறத்தாழ 14 விழுக்காடு நீராவி இருக்கும். அதன் பனிநிலை ஏறத்தாழ 53 பாகை செல்சியசு. வணரி அறையில் வெளிக்காற்றும் கலந்திருப்பதால் அங்கு பனிநிலை இதனினும் தாழ்வாக அமையும். எனினும் 30 பாகையில் இருக்கும் இரும்புச் சுவரும் எண்ணெயும் அந்த ஆவிக்குக் குளிர்ந்த பரப்புகளே. சட்டியில் கொதிக்கும் குழம்பின் மூடியில் நீர் முத்து முத்தாகப் படிவதும் இதுவும் ஒரே நிகழ்வு.

காற்றின் ஈரம் பற்றிய ஒரு தவறான கருத்து

நிறுத்தி வைத்த வண்டியில் இரவுப் பனியால் காற்றின் ஈரம் ஒடுங்கி எண்ணெயில் சேர்கிறது என்று பரவலாகக் கூறப்படுகிறது. இது முற்றிலும் பொய்யன்று. ஆனால் அளவைக் கணக்கிட்டால் அது மிகச் சிறியது என்பது தெரியவரும். பொறியினுள் எண்ணெய்க்கு மேலுள்ள வெற்றிடம் 5 லிட்டர் எனக் கொள்வோம். 28 பாகையில் ஈரம் நிறைந்த காற்று ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 27 கிராம் நீராவியையும், 22 பாகையில் ஏறத்தாழ 19 கிராமையும் தாங்கும். வெப்பநிலை 28-லிருந்து 22-க்கு இறங்கினால் அந்த 5 லிட்டர் காற்றிலிருந்து ஒடுங்கும் நீர் 0.04 கிராம் மட்டுமே. ஒரு துளியைவிடக் குறைவு.

இதனுடன் ஒரு குறும்பயணத்தை ஒப்பிடலாம். குளிர்ந்த பொறியுடன் 4 கிலோமீட்டர் செல்லும் ஒரு தானுந்து 0.4 லிட்டர் பெட்ரோலை எரிப்பதாகக் கொண்டால் 0.4 லிட்டர் நீர் உண்டாகும். அதில் நூற்றில் ஒரு பங்கே கீழிறங்குவதாக எடுத்துக்கொண்டாலும் அது 4 கிராம், அதாவது ஓரிரவின் பனியைப் போல நூறு மடங்கு. இதில் ஒரு பகுதி காற்றோட்டத்தால் வெளியேறிவிடும் என்றாலும், எண்ணெயிலுள்ள நீரின் முதன்மை ஊற்று வானிலை அன்று, எரிதலே என்பது இதனால் தெளிவாகும். வண்டியை நிறுத்தி வைப்பதைவிட, இயக்கிச் சூடேறும் முன் அணைப்பதே எண்ணெயை அதிகம் கெடுக்கிறது.

வணரி அறையின் காற்றோட்டம்

கீழிறங்கிய வளிகளை வெளியேற்றாவிட்டால் அறையில் அழுத்தம் கூடி எண்ணெய் அடைப்புகள் பிதுங்கிவிடும். பழைய பொறிகளில் இதற்கு ஒரு குழாய் தரையை நோக்கித் திறந்து விடப்பட்டிருந்தது. வண்டி ஓடும் வேகத்தில் காற்று அக்குழாயிலிருந்து வளியை இழுத்துக்கொள்ளும். வண்டி நின்றால் காற்றோட்டமும் நின்றுவிடும் என்பது இதன் குறை. சாலையெங்கும் எண்ணெய்ப் புகை பரவியது மற்றொரு குறை. வளியை வெளியே விடாமல் பொறியின் உறிஞ்சு குழாய்க்கே திருப்பி அனுப்பும் ஓரதர் அமைப்பு இதற்கு மாற்றாக வந்தது. அமெரிக்காவில் முதலில் கலிபோர்னியாவில் 1961-ஆம் ஆண்டு வண்டிகளில் இது பொருத்தப்பட்டது. புகைமூட்டத்தைக் குறைப்பதே அதன் நோக்கமாக இருந்தது. எண்ணெயின் ஈரம் குறைந்ததும் ஆயுள் கூடியதும் உடன் கிடைத்த நன்மைகள்.

பொறியுள்ள இன்றைய பெரும்பாலான தானுந்துகளில் இந்த ஓரதர் உண்டு. கையளவே உள்ள, விலை குறைந்த இவ்வுறுப்பு கசடால் அடைபட்டால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். மூடியில் வெண்படலம் திரும்பத் திரும்பத் தோன்றும் வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது இதையும் இதனுடன் இணைந்த குழாய்களையுமே.

மதுரைச் சமவெளியின் சூழல்

குளிர்நாட்டுச் சிக்கலாகவே நூல்கள் இதை விளக்குகின்றன. மதுரை போன்ற வெப்பமான ஊரில் இது ஏன் நேர வேண்டும் என்ற கேள்வி இயல்பானது. இங்கு கோடையில் பகல் வெப்பநிலை 40 பாகையைத் தொடுவதுண்டு; சனவரி இரவுகளில்கூட அது பெரும்பாலும் 20 பாகையை ஒட்டியே நிற்கும். ஆனால் எண்ணெயிலுள்ள நீரை விரட்ட 80 முதல் 100 பாகை வரை வெப்பம் வேண்டும். அதனுடன் ஒப்பிட்டால் 30 பாகையும் குளிரே. வெப்பமான ஊரில் பொறி சற்று விரைவாகச் சூடேறுகிறது என்பது மட்டுமே வேறுபாடு.

ஊர்தியின் முகப்பிலுள்ள வெப்பமானி காட்டுவது குளிர்விக்கும் நீர்மத்தின் வெப்பநிலையே. அது சில நிமிடங்களில் இயல்பு நிலையை அடைந்துவிடும். எண்ணெய் அதன் பின்னரே மெல்லச் சூடேறி, இயல்பு நிலையை அடையப் பதினைந்து நிமிடங்கள் வரையோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்ளும். முள் நடுவில் வந்துவிட்டதால் பொறி சூடாகிவிட்டது என்று கருதுவது பிழை.

சமணர் மலை அடிவாரத்திலுள்ள கீழக்குயில்குடியிலிருந்து தேனி நெடுஞ்சாலையிலுள்ள நாகமலைப் புதுக்கோட்டைக்கு வந்து, பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிட்டுத் திரும்பும் வண்டியை எண்ணிப் பார்க்கலாம். அது சில கிலோமீட்டர்களே ஓடுகிறது. எண்ணெய் வெதுவெதுப்பாகும்போது வீடு வந்துவிடுகிறது. மாலையில் மீண்டும் அதே பயணம். மாதம் முழுவதும் இப்படி ஓடும் வண்டியின் ஓட்ட அளவு இருநூறு, முந்நூறு கிலோமீட்டரைத் தாண்டாது. ஆகவே உரிமையாளர் தம் வண்டிக்கு உழைப்பே இல்லை என்று எண்ணுவார். எண்ணெயைப் பொறுத்தவரை இதுவே கடும் உழைப்பு. ஊர்தி உற்பத்தியாளர்களின் கையேடுகள் பலவும் தொடர்ச்சியான குறும்பயணங்களைக் கடுமையான பயன்பாடு என்றே வகைப்படுத்தி, எண்ணெயை முன்கூட்டி மாற்றுமாறு கூறுகின்றன.

2020-ஆம் ஆண்டு மார்ச்சு 25 அன்று தொடங்கிய பொது ஊரடங்கும், மதுரையில் அவ்வாண்டு சூன் 24 முதல் மீண்டும் கொண்டுவரப்பட்ட முழு ஊரடங்கும் இதே சிக்கலை வேறு வடிவில் கொண்டுவந்தன. மின்கலம் இறங்கிவிடக் கூடாது என்று பலர் வண்டியை நாள்தோறும் ஐந்து நிமிடம் வீட்டு வாசலில் இயக்கி அணைத்தனர். மின்கலத்துக்கு இதனால் பெரிய பயன் இல்லை; எண்ணெய்க்கோ கேடு. ஒவ்வொரு முறையும் நீர் சேர்ந்தது, ஒருமுறையும் ஆவியாகி வெளியேறவில்லை. ஓட்ட முடியாத காலத்தில் இயக்காமல் விடுவதே மேல்.

வெப்பமான ஊர்களுக்கே உரிய மற்றொரு காரணமும் உண்டு. குளிர்விக்கும் நீர்மம் போதிய அளவு சூடாகும் வரை அதை ரேடியேட்டருக்குச் செல்லவிடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் என்னும் ஓரதர், பொறி அதிகம் சூடாகிறது என்ற காரணத்தால் சில பட்டறைகளில் கழற்றி எறியப்படுகிறது. அதன் பின் பொறி என்றும் முழுமையாகச் சூடாவதில்லை. எண்ணெய் ஈரமாகிறது, எரிபொருளும் கூடுதலாகச் செலவாகிறது. அதிகச் சூட்டிற்கு உண்மையான காரணம் அடைபட்ட ரேடியேட்டரோ பழுதான விசிறியோவாக இருக்கும். அதைச் சரிசெய்யாமல் தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது, காய்ச்சலுக்கு வெப்பமானியை உடைப்பதைப் போன்றது.

சமவெளியிலிருந்து மலையேறும் வண்டிகளிலும் இது காணப்படும். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில் சில நாட்கள் தங்கி, விடுதிக்கும் ஏரிக்கும் இடையே மட்டும் ஓட்டியவர்கள் எண்ணெய் மூடியைத் திறந்து வெண்படலத்தைக் கண்டு அஞ்சுவதுண்டு. கீழே இறங்கி மதுரை வந்து சேர்வதற்குள் பெரும்பாலும் அது மறைந்துவிடும்.

எண்ணெயில் நீரின் நிலைகள்

நீர் எண்ணெயில் கரையாது என்பது பள்ளிப் பாடம். மிகச் சிறிய அளவு கரையும் என்பதே சரி. கரைந்த நீர் கண்ணுக்குத் தெரியாது, பெருந்தீங்கும் செய்யாது. கரையும் எல்லையைத் தாண்டிய நீர் நுண்துளிகளாகப் பிரிந்து பால்மமாகிறது. எண்ணெய் வெளுப்பது இந்நிலையில்தான். இதற்கும் மேற்பட்டால் நீர் தனியே பிரிந்து, எண்ணெயைவிட அடர்த்தி மிக்கதாகையால், தொட்டியின் அடியில் தேங்குகிறது.

பொறி எண்ணெயில் கலந்துள்ள தூய்மையாக்கும் சேர்பொருள்கள் புகைக்கரியையும் அழுக்கையும் நுண்துகள்களாகத் தாங்கி நிற்பதற்காக உள்ளவை. அதே பண்பால் அவை நீரையும் பால்மமாகப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. நீர் பிரிந்து கீழே படியாமல் எண்ணெயுடனேயே பொறியெங்கும் சுற்றிவருவது இதனால்தான். நீராவிச் சுழலி, நீர்ம அழுத்த எந்திரங்கள் ஆகியவற்றின் எண்ணெய்கள் இதற்கு மாறாக நீரை விரைவில் பிரித்துவிடும் வகையில் ஆக்கப்படுகின்றன.

பொதுவாக 0.2 விழுக்காட்டிற்கு மேல் நீர் இருந்தால் அது எச்சரிக்கை நிலையாகக் கொள்ளப்படுகிறது. மூன்றரை லிட்டர் எண்ணெய் கொள்ளும் சிறு தானுந்தில் இது 7 மில்லிலிட்டர், அதாவது ஒன்றரைத் தேக்கரண்டி நீர்.

தீங்குகள்

எண்ணெய் தன் வேலையைச் செய்வது ஒரு மெல்லிய படலத்தாலேயே. வணரித்தண்டும் அதன் தாங்கியும் ஒன்றையொன்று தொடாமல் அப்படலமே காக்கிறது. சுமை மிகுந்த இடத்தில் நீர்த்துளி நுழைந்தால் படலம் அறுபட்டு உலோகம் உலோகத்தோடு உரசுகிறது. தாங்கியின் மென்மையான மேற்பூச்சு தேய்கிறது. இத்தேய்வு வெளியே தெரியாது; தெரியவரும்போது பொறியைப் பிரிக்க வேண்டிய நிலை வந்துவிடும்.

அமிலம் உண்டாதல் மற்றொன்று. நைதரசன் ஆக்சைடுகள் நீரில் கலந்து நைத்திரிக் அமிலத்தையும், எரிபொருளிலுள்ள கந்தகம் கந்தக அமிலத்தையும் தருகின்றன. எண்ணெயிலுள்ள காரச் சேர்பொருள்கள் இவற்றை நடுநிலையாக்குகின்றன. அவை தீர்ந்த பின் அமிலம் உலோகத்தை அரிக்கத் தொடங்கும். இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் நிலை 6 எரிபொருள் நடைமுறைக்கு வந்து, கந்தகத்தின் அளவு 50-லிருந்து 10 மில்லியனில் பங்குகளாகக் குறைந்ததால் கந்தக அமிலத்தின் தொல்லை பெரிதும் தணிந்துள்ளது. நைத்திரிக் அமிலம் எரிபொருளிலிருந்து அன்றிக் காற்றிலிருந்து வருவதால் அது அப்படியே நிற்கிறது.

தேய்வைத் தடுக்கும் துத்தநாகச் சேர்மங்கள் நீரால் சிதைகின்றன. நீர், கரி, எரியாத எரிபொருள் ஆகியவை சேர்ந்து கெட்டியான கசடாகி, எண்ணெய் இறைப்பியின் வாயிலிலுள்ள வலையை அடைக்கின்றன. வலை அடைபட்டால் எண்ணெய் அழுத்தம் குறைந்து சிவப்பு விளக்கு எரியும். அதன் பின்னும் ஓட்டினால் பொறி இறுகிவிடும்.

உறைபனி நாடுகளில் இதற்கு வேறொரு முகம் உண்டு. கனடாவில் வாழும் தமிழர்கள் அறிந்திருக்கக் கூடியது இது: சுழியத்திற்குக் கீழ் இருபது பாகைக்கும் தாழ்ந்த குளிரில் காற்றோட்டக் குழாயிலுள்ள ஈரம் பனிக்கட்டியாகி அடைத்துக்கொள்ளும்; வணரி அறையில் அழுத்தம் ஏறி எண்ணெய் அடைப்புகள் பிய்ந்து, எண்ணெய் முழுவதும் வெளியேறிவிடக் கூடும். அங்கு வண்டி நிறுத்துமிடங்களில் பொறியை மின்சாரத்தால் வெதுவெதுப்பாக வைத்திருக்கும் ஏற்பாடு உண்டு.

அடையாளங்கள்: ஒடுக்கமா, கசிவா?

எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறம் வெண்மையான அல்லது இளம்பழுப்பு நிறமான, வெண்ணெய் போன்ற படலம் காணப்படுவதே முதல் அடையாளம். மூடி பொறியின் உச்சியில், காற்றுபடும் இடத்தில், குளிர்ந்த பரப்பாக இருப்பதால் ஆவி அங்கு முதலில் படிகிறது. ஆகவே மூடியில் மட்டும் படலம் இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. அதன்பின் எண்ணெய் மட்டம் பார்க்கும் கோலை உருவிப் பார்க்க வேண்டும். கோலில் ஒட்டியுள்ள எண்ணெய் தெளிந்த பொன்னிறமாகவோ கரும்பழுப்பாகவோ இருந்தால் அது ஒடுக்கமே. கோலிலும் எண்ணெய் பால் கலந்த தேநீர் போல இருந்தால் செய்தி வேறு. மதுரைக்காரர்கள் சிகர்தண்டாவின் நிறத்தை நினைவிற் கொள்ளலாம். அந்நிறத்தை டம்ளரில் மட்டுமே காண்பது நல்லது.

உருளைத் தலைக்கும் உருளைக் கட்டைக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு, அதாவது ஹெட் கேஸ்கெட், எரிந்துபோனால் குளிர்விக்கும் நீர்மம் எண்ணெயில் கலக்கும். அப்போது கூலன்ட் கலத்தின் மட்டம் குறைந்துகொண்டே வரும், எண்ணெயின் மட்டம் உயரும். புகைக்குழாயில் சூடேறிய பின்னும் நிற்காத வெண்புகை, அதில் இனிப்பான மணம், ரேடியேட்டரில் குமிழிகள், பொறி அடிக்கடி கொதித்தல் ஆகியவையும் உடன் தோன்றலாம். சில வண்டிகளில் எண்ணெயைக் குளிர்விக்கும் கருவி பழுதாவதாலும் இக்கலப்பு நேரும். ரேடியேட்டரில் கூலன்டுக்கு மாறாகக் கிணற்று நீரையோ ஆழ்துளைக் கிணற்று நீரையோ ஊற்றும் பழக்கம் இக்கேடுகளுக்குப் பெரிதும் துணைபோகிறது. கடின நீர் உப்புப் படிவத்தை ஏற்படுத்தி வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கிறது. துருத்தடுப்பான் இல்லாததால் உலோகமும் அரிக்கப்படுகிறது.

எண்ணெய் மட்டம் உயர்வதெல்லாம் நீரால் அன்று. எரியாத எரிபொருள் கலந்தாலும் மட்டம் உயரும். 2018-ஆம் ஆண்டில் சீனாவின் குளிர்ப்பகுதிகளில் ஒண்டா நிறுவனத்தின் சிஆர்-வி வகையில் இது பெருமளவில் நேர்ந்து, வண்டிகளைத் திரும்பப்பெறும் நிலை வந்தது. பாரத் நிலை 6 டீசல் வண்டிகளில் கரி வடிகட்டியை எரித்துத் தூய்மையாக்கும் நிகழ்வு குறும்பயணங்களால் இடையில் நின்றுபோனாலும் டீசல் எண்ணெயில் இறங்கும். இவ்வகைக் கலப்பில் எண்ணெய் வெளுக்காது. நீர்த்துப்போய் எரிபொருள் மணம் வீசும்.

ஆய்வகச் சோதனைகளில் எளியது வெடியொலிச் சோதனை. ஏறத்தாழ 150 பாகை வெப்பமுள்ள தகட்டில் ஒரு துளி எண்ணெயை விட்டால், நீர் இருப்பின் தாளிக்கும்போது கடுகு பொரிவதைப் போல ஒலி எழும். ஆயிரத்தில் ஒரு பங்கு நீரையும் இது காட்டிவிடும். எண்ணெய் தெறிக்கும் என்பதால் கண்ணுக்குக் காப்பு வேண்டும். வீட்டு அடுப்பில், சமையற் சட்டியில் செய்யத்தக்கது அன்று. துல்லியமான அளவுக்கு 1935-இல் செருமானிய வேதியியலாளர் கார்ல் பிசர் வெளியிட்ட தரம்பார்த்தல் முறை இன்றும் பயன்படுகிறது. எண்ணெயில் சோடியம், பொட்டாசியம் போன்ற தனிமங்கள் மிகுந்து காணப்பட்டால் நீர் கூலன்டிலிருந்து வந்தது என்று அறியலாம். ஒடுங்கிய ஆவியில் அவை இருப்பதில்லை.

நீக்கும் முறை

ஒடுக்கத்தால் வந்த நீருக்கு மருந்து வெப்பமே. வாரம் ஒருமுறையேனும் அரை மணி நேரம் நிற்காமல் நெடுஞ்சாலையில் ஓட்டினால் போதும். மதுரையிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருமங்கலம் வரை சென்று திரும்புவது தாராளமானது. எண்ணெய் 100 பாகையைத் தாண்டிக் கொதித்தால்தான் நீர் போகும் என்பதில்லை. ஈரத் துணி கொதிக்காமலே காய்வதைப் போல, 80 அல்லது 90 பாகையிலும் காற்றோட்டம் இருந்தால் நீர் ஆவியாகிவிடும். நின்ற இடத்திலேயே பொறியை ஓடவிடுவது இதற்கு ஈடாகாது. சுமையின்றி ஓடும் பொறி எண்ணெயைப் போதிய அளவு சூடாக்குவதில்லை.

மூடியிலுள்ள படலத்தைத் துணியால் துடைத்துவிட்டு, நெடும்பயணத்திற்குப் பின் மீண்டும் பார்ப்பது நல்ல சோதனையாகும். படலம் திரும்பவில்லையெனில் கவலையில்லை. திரும்பினால் காற்றோட்ட ஓரதர், தெர்மோஸ்டாட், கூலன்ட் மட்டம் என்ற வரிசையில் பார்க்க வேண்டும்.

எண்ணெய் மாற்றத்திற்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இரண்டில் எது முந்தியதோ அது என்பது பல இந்தியத் தானுந்துகளின் விதி. ஆண்டுக்கு 3,000 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு முதற் பகுதி பொருந்தாது, பிற்பகுதியே பொருந்தும். ஓடாத வண்டிக்கு எண்ணெய் மாற்றுவது வீண் செலவு என்ற எண்ணமே இங்கு பெருந்தடை. குறும்பயணம் மட்டும் செல்லும் வண்டிக்கு ஆறு மாதத்திற்கு ஒருமுறை மாற்றுவது இன்னும் நன்று. வடகிழக்குப் பருவமழை முடிந்தபின் சனவரியில் ஒருமுறை என்று வைத்துக்கொள்ளலாம். ஈரத்தை நீக்கும் என்று விற்கப்படும் தனிச் சேர்பொருள்களுக்குத் தேவை இல்லை.

ஆயுத பூசைக்கு முன் வண்டியைப் பட்டறையில் விட்டுப் பொறிப் பகுதியையும் அழுத்த நீரால் கழுவுவது தமிழகத்தில் பரவலான வழக்கம். எண்ணெய் மூடியோ அளவுகோலோ சரியாகப் பொருந்தாமல் இருந்தால் நீர் அவ்வழியே நேராக உள்ளே இறங்கும். கழுவிய வண்டி பூசைக்காக நின்றுவிட்டு, எலுமிச்சம்பழத்தை நசுக்குமளவுக்கு மட்டும் நகர்ந்து மீண்டும் நிற்கும். கழுவுமுன் இரண்டையும் இறுக்கிவிட்டு, பொறிப் பகுதியை ஈரத் துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி

2015 திசம்பரில் சென்னையிலும், 2023 திசம்பர் தொடக்கத்தில் மிக்சாம் புயலின்போது மீண்டும் அங்கும், அதே மாதம் 17, 18 நாட்களில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களிலும் எண்ணற்ற வண்டிகள் நீரில் மூழ்கின. தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் அப்போது 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. மதுரையிலும் 2024 அக்டோபர் 25 அன்று பெய்த கனமழையில் செல்லூர் உள்ளிட்ட வடபகுதிகளில் நீர் சூழ்ந்தது. அதே மாதம் மழை எச்சரிக்கையைக் கேட்ட சென்னை வேளச்சேரி மக்கள் தம் வண்டிகளை மேம்பாலத்தின் மீது வரிசையாக நிறுத்தியது நாடெங்கும் பேசப்பட்டது. பொறியியல் நோக்கில் அது சரியான முடிவே.

மூழ்கிய வண்டியை இயக்கிப் பார்ப்பதே பெருந்தவறு. காற்று வடிகட்டி வழியே நீர் உருளைக்குள் புகுந்திருந்தால், பிஸ்டன் மேலேறும்போது அந்நீரை அழுத்த முடியாது. காற்று அழுங்கும், நீர் அழுங்காது. பிஸ்டனையும் வணரித்தண்டையும் இணைக்கும் தண்டு வளையும் அல்லது உடைந்து கட்டையைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். தொட்டியிலுள்ள எண்ணெயுடன் நீர் கலந்திருந்தால் இயக்கிய கணத்தில் அது எல்லாத் தாங்கிகளுக்கும் சென்றுவிடும். இயக்காத பொறியைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். இயக்கிய பொறிக்கு அந்த உறுதி இல்லை. வழக்கமான ஊர்திக் காப்புறுதியில் நீர் புகுந்த பொறியை இயக்கியதால் நேரும் சேதம் பொதுவாக அடங்குவதில்லை என்பதும், அதற்கெனத் தனியே பொறிக்காப்பு என்ற கூடுதல் பிரிவை வாங்கியிருக்க வேண்டும் என்பதும் பலருக்கு வெள்ளம் வடிந்த பின்னரே தெரியவருகிறது.

செய்ய வேண்டியது வருமாறு. திறப்பைத் திருப்பாமல் மின்கல இணைப்பைக் கழற்றி, வண்டியைத் தூக்கு வண்டியில் பட்டறைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். நீர் எந்த உயரம் வரை ஏறியது என்பதை உட்புறக் கறையைக் கொண்டு குறித்துக்கொள்வதும், படம் எடுத்து வைப்பதும் காப்புறுதிக்கு உதவும். பட்டறையில் முதலில் எண்ணெய்த் தொட்டியின் அடித் திருகைத் திறப்பர். நீர் இருந்தால் எண்ணெய்க்கு முன் அதுவே வரும். தீப்பொறிச் செருகிகளைக் கழற்றி, பொறியைக் கையால் சுழற்றி உருளைகளிலுள்ள நீரை வெளியேற்ற வேண்டும். எண்ணெய் வடிகட்டியையும் காற்று வடிகட்டியையும் மாற்றி, விலை குறைந்த எண்ணெயை ஊற்றிச் சிறிது நேரம் ஓடவிட்டு வடித்து, வடிந்தது தெளியும் வரை திரும்பச் செய்வர். பல்லிணைப் பெட்டி எண்ணெயையும், இயல்பாகவே நீரை உறிஞ்சும் தடை நீர்மத்தையும் மாற்றுவது உடன் செய்யப்பட வேண்டியது. இவற்றை ஒரு வாரம் தள்ளிப்போட்டால் உருளைச் சுவர்களில் துரு ஏறிவிடும்.

எத்தனால், கலப்பின ஊர்திகள்

இந்தியாவில் பெட்ரோலுடன் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் இலக்கு 2025-இல் எட்டப்பட்டது. எத்தனால் நீரை ஈர்க்கும் பண்புடையது என்பதால் எண்ணெயில் ஈரம் கூடும் என்ற அச்சம் எழுந்துள்ளது. ஈர்ப்பது முதன்மையாக எரிபொருள் தொட்டியில் நிகழ்வது; பொறி எண்ணெயை அது நேராகத் தொடுவதில்லை. ஆனால் குளிர்ந்த பொறியில் எரியாமல் கீழிறங்கும் எத்தனாலும் நீரும் சேர்ந்து கலைவதற்கு அரிய பால்மத்தை உண்டாக்கக்கூடும். முழுமையாகச் சூடேறும் பயணங்களில் இரண்டும் ஆவியாகிவிடும்.

மின்னோடியும் பெட்ரோல் பொறியும் சேர்ந்த கலப்பின ஊர்திகள் 2022 முதல் இந்தியாவில் பரவலாக விற்கப்படுகின்றன. இவற்றில் பொறி நகருக்குள் விட்டுவிட்டே ஓடும். நாற்பது நிமிடப் பயணத்தில் பொறி ஓடியது பதினைந்து நிமிடமாக இருக்கலாம். எனவே ஓட்டுநர் நீண்டதாக எண்ணும் பயணம் எண்ணெய்க்குக் குறும்பயணமாகவே அமைகிறது. முழு மின் ஊர்திகளில் பொறி எண்ணெய் இல்லாமையால் இச்சிக்கலும் இல்லை.

வடித்த எண்ணெய்

நீர் கலந்து வடிக்கப்பட்ட எண்ணெயைச் சிலர் காயவைத்தோ சூடாக்கியோ மீண்டும் பயன்படுத்த முயல்வதுண்டு. சேர்பொருள்கள் ஏற்கனவே சிதைந்துவிட்டதால் நீரை நீக்கினாலும் எண்ணெய் பழைய நிலைக்கு வராது. அடுப்பில் வைத்தால் நீர் கொதித்து எண்ணெய் பொங்கித் தீப்பற்றும் கேடும் உண்டு. இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு தீங்கான கழிவு விதிகளின்படி பயன்படுத்திய எண்ணெயைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமே சேர்க்க வேண்டும். பட்டறைகளில் கொடுத்துவிடுவது எளிய வழி. வீட்டில் மாற்றுவோர் அதைச் சாக்கடையிலோ வெறுந்தரையிலோ ஊற்றினால், கண்மாய்களும் ஆழ்துளைக் கிணறுகளும் நிறைந்த மதுரைச் சமவெளியில் அது மழையோடு நீர்நிலையை அடையும். மூடியிட்ட நெகிழிக் கலத்தில் நிரப்பி, மற்ற எண்ணெயுடன் கலக்காமல், நீர் கலந்தது என்று கலத்தின் மேல் எழுதிக் கொடுப்பது பிரித்தெடுப்போருக்கு உதவியாக இருக்கும்.